மாண்டி கிறிஸ்டோவின் கணக்கு: பழியும் குற்றத்துக்கேற்ற தண்டனையும்

பிரான்ஸின் மார்செய் துறைமுகத்துக்கு எதிரே கடலுக்குள் ஒரு பாறைத் தீவு. அதன் மேல் ஷாத்தோ தீஃப் என்ற கோட்டைச் சிறை. எதற்காக அடைத்தார்கள் என்றே தெரியாமல் அங்கே வருடக்கணக்காகக் கிடக்கிறான் எட்மண்ட் தாந்தெஸ் என்ற இளம் மாலுமி. தப்பிக்கச் சுரங்கம் தோண்டி, கணக்குத் தப்பி அவன் அறைக்குள் வந்து முளைக்கிறார் ஃபாரியா பாதிரியார் என்ற முதிய கைதி. அவர் சில கேள்விகள் கேட்கிறார். நீ கப்பல் தலைவன் ஆகாமல் போனால் யாருக்கு லாபம்? உனக்கும் மெர்செடெஸுக்கும் நடக்கவிருந்த கல்யாணம் நின்றுபோனால் யாருக்கு லாபம்? உன்னை விசாரித்த அதிகாரி அந்தக் கடிதத்தை ஏன் எரித்தான்? ஒவ்வொரு கேள்விக்கும் பதிலாக ஒரு பெயர் வருகிறது. பையனின் முகம் மாறுவதைப் பார்த்ததும் பெரியவருக்குச் சங்கடமாகிவிடுகிறது. உனக்கு உதவியிருக்கக் கூடாது, உன் நெஞ்சில் இல்லாத ஒன்றைப் புகுத்திவிட்டேன் என்கிறார். பழிவாங்கும் எண்ணத்தைத்தான் சொல்கிறார்.

அலெக்சாந்தர் துமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’ 1844 ஆகஸ்டில் பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடராகத் தொடங்கி 1846 ஜனவரியில் முடிந்தது. கதையைப் பின்னுவதில் ஒகுஸ்த் மக்கே என்ற எழுத்தாளர் துமாவோடு சேர்ந்து உழைத்தார். மொத்தம் 117 அத்தியாயங்கள். சாகச நாவல் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சிறையிலிருந்து தப்புவது, தீவில் புதையல் எடுப்பது போன்ற சாகசமெல்லாம் முதல் ஐந்தில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடும். மீதி முழுவதும் ஒரே ஒரு கேள்விதான்: கெடுத்தவனுக்கு எது சரியான தண்டனை, அதைத் தருவதற்கு யாருக்கு உரிமை?

இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடநூல் இல்லை என்பது என் எண்ணம். கதையின் முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. நூற்றெண்பது ஆண்டு பழைய நாவல்தானே, பரவாயில்லை என்று நினைப்பவர்கள் தொடரலாம்.

கதைச்சுருக்கம் இதுதான். 1815 பிப்ரவரி. பத்தொன்பது வயது தாந்தெஸ் வந்த கப்பல் வழியில் எல்பா தீவில் நின்றது. நாடு கடத்தப்பட்ட நெப்போலியன் இருந்த தீவு அது. இறந்துபோன கப்பல் தலைவரின் கடைசி விருப்பத்துக்காக அங்கே ஒரு பொட்டலத்தைக் கொடுத்த தாந்தெஸிடம், பாரிஸில் ஒருவருக்குச் சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் தரப்பட்டது. கப்பலின் கணக்கன் தங்லாருக்கு, இந்தச் சின்னப் பையன் தலைவனாகப் போகிறானே என்று வயிற்றெரிச்சல். தாந்தெஸ் நெப்போலியனின் ஆள் என்று அதிகாரிகளுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதுகிறான், கையெழுத்து தெரியாமலிருக்க இடது கையால். மெர்செடெஸ் மேல் ஆசை வைத்திருந்த மீனவன் ஃபெர்னாந் அதைத் தபாலில் சேர்க்கிறான். பக்கத்து வீட்டுத் தையற்காரன் கதரூஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே குடிபோதையில் உட்கார்ந்திருக்கிறான். போதை தெளிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. நிச்சயதார்த்த விருந்திலிருந்து தாந்தெஸை இழுத்துப்போகிறார்கள். விசாரிக்கும் அரசு வழக்கறிஞன் வில்ஃபோர் முதலில் விட்டுவிடத்தான் நினைக்கிறான். கடிதம் யார் பெயருக்கு வந்தது என்று பார்த்ததும் வெலவெலத்துப் போகிறான். அது அவனுடைய சொந்தத் தகப்பனின் பெயர்; வெளியே தெரிந்தால் தன் பதவிக்கே ஆபத்து. கடிதத்தை எரிக்கிறான், பையனைத் தீவுச் சிறைக்கு அனுப்புகிறான். பதினான்கு வருடம். வெளியே மகனுக்காகக் காத்திருந்த தகப்பன் பட்டினியில் சாகிறார்.

ஃபாரியா இறந்ததும் அவருடைய பிணப்பையில் புகுந்து, கடலில் எறியப்பட்டு, தாந்தெஸ் தப்புகிறான். அவர் சொல்லிவிட்டுப்போன புதையலை மாண்டி கிறிஸ்டோ தீவில் எடுக்கிறான். அதற்குள் கெடுத்தவர்கள் மூவரும் கொழித்துவிட்டார்கள். தங்லார் வங்கி முதலாளி. ஃபெர்னாந் மோர்செர்ஃப் பிரபு என்ற பட்டத்தோடு பிரபுக்கள் சபையில் இருக்கிறான், மனைவி மெர்செடெஸ். வில்ஃபோர் பாரிஸின் தலைமை அரசு வழக்கறிஞன்.

பழி என்பது நேரடியான விஷயம். எனக்கு வலித்தது, உனக்கும் வலிக்க வேண்டும், அவ்வளவுதான். அளவு கிடையாது, சாட்சி கிடையாது, வலித்தவனே தீர்ப்பும் சொல்கிறான். குற்றத்துக்கேற்ற தண்டனையில் வேறொன்று எதிர்பார்க்கப்படுகிறது: தண்டனையின் உருவம் குற்றத்தின் உருவத்தோடு பொருந்த வேண்டும், அது யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்ததாக இல்லாமல் குற்றவாளியின் செயலிலிருந்தே முளைத்ததாகத் தெரிய வேண்டும். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்று நாம் சொல்வதும் இதைத்தான். ஐரோப்பிய இலக்கியத்தில் இதற்கு நீண்ட மரபு உண்டு. இத்தாலியக் கவி தாந்தேயின் (நம் மாலுமி தாந்தெஸ் வேறு) நரகத்தில், ஒரு தகப்பனையும் மகனையும் மூட்டிவிட்டுப் பிரித்தவன், உடலிலிருந்து பிரிந்த தன் தலையைக் கையில் விளக்குபோலத் தூக்கிக்கொண்டு அலைகிறான். கதைகளில் நல்லவர்க்கும் கெட்டவர்க்கும் உரியது கிடைக்க வேண்டும் என்ற விதிக்கு 1678-இல் தாமஸ் ரைமர் என்ற ஆங்கில விமர்சகர் ஒரு பெயரும் வைத்தார். கவித்துவ நீதி என்று தமிழில் புழங்குவது அதுதான்.

துமாவின் கெட்டிக்காரத்தனம், பழியைக் கவித்துவ நீதிபோல் தோன்றவைத்ததில் இருக்கிறது. அதைப் பார்க்க, அவருக்குக் கரு கிடைத்த இடத்துக்குப் போக வேண்டும். பாரிஸ் காவல்துறை ஆவணக்காப்பாளராக இருந்த ழாக் பெஷே என்பவரின் நூலில் ஒரு சம்பவம் வருகிறது. நடந்தது எவ்வளவு, சேர்த்தது எவ்வளவு என்பது சந்தேகத்துக்குரியது. பிக்கோ என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி 1807-இல் கல்யாணத்துக்கு நிச்சயமாகி இருந்தான். லூப்பியான் என்ற காபிக் கடைக்காரன் பொறாமையில், அவன் ஆங்கிலேய உளவாளி என்று நண்பர்களோடு சேர்ந்து போட்டுக்கொடுத்தான். ஏழு வருடச் சிறை. உள்ளே ஒரு பாதிரியாரின் நட்பு, அவர் வழியாகப் பெருஞ்செல்வம். வெளியே வந்ததும், விஷயம் தெரிந்த ஒருவனுக்கு வைரம் கொடுத்துப் பெயர்களை வாங்கினான் பிக்கோ. பிறகு ஒவ்வொருவராகக் கொன்றான். முதல் கொலையில் கத்திப் பிடியில் ‘முதலாமவன்’ என்று எழுதியே வைத்தான். கடைசியில் வைரம் வாங்கியவனே பிக்கோவைக் கொன்றான்.

துமா ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார், கத்தியைத் தவிர. மாண்டி கிறிஸ்டோ பிரபுவாகத் திரும்பி வரும் தாந்தெஸ் தன் எதிரிகளில் ஒருவனைக்கூடத் தன் கையால் கொல்வதில்லை. நாவல் முழுவதும் நிற்பது இந்த ஒரு மாற்றத்தின் மேல்தான்.

ஏன் கொல்வதில்லை என்பதை ரோம் நகரத்தில் அவனே சொல்கிறான். திருவிழாக் காலம், பொதுச் சதுக்கத்தில் மரண தண்டனை நிறைவேற்றப் போகிறார்கள். இரண்டு பிரெஞ்சு இளைஞர்களோடு காலை உணவு சாப்பிட்டுக்கொண்டே பிரபு பேசுகிறான். ஒருவன் உன் தகப்பனையோ காதலியையோ பறித்துக்கொண்டு உன் உயிருக்குள் ஆறாத பள்ளத்தை விட்டுப்போனான் என்றால், கழுத்தில் ஒரு நொடி இறங்கும் கில்லட்டின் கத்தி அதற்கு ஈடாகுமா? மெதுவான, ஆழமான, முடிவே இல்லாத வேதனைக்கு அதே மாதிரியான வேதனையைத் திருப்பித் தருவேன். கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல். கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களில் ஒருவன் அல்பேர், ஃபெர்னாந்தின் மகன். தன் வீட்டைப் பற்றித்தான் பேச்சு என்று அவனுக்குத் தெரியாது. சுருக்கப் பதிப்பு படிப்பவர்கள், இந்த ரோம் அத்தியாயம் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

அப்படியானால் அவன் செய்வது என்ன? ஒவ்வொருவனும் ஏற்கெனவே செய்து புதைத்துவைத்த குற்றத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மூடியைத் திறந்துவிடுகிறான். மிச்சத்தை அவர்களே செய்துகொள்கிறார்கள்.

ஃபெர்னாந்தைப் பாருங்கள். மீனவன் பிரபுவானது துரோகத்தால். யானினா நகரை ஆண்ட அலி பாஷாவிடம் வேலை பார்த்து, அவனை எதிரிக்குக் காட்டிக்கொடுத்து, அவன் மனைவியையும் சின்ன மகளையும் அடிமை வியாபாரியிடம் விற்றவன். அந்த மகள் ஹைதேயை விலைக்கு வாங்கி வளர்த்திருக்கிறான் மாண்டி கிறிஸ்டோ. ஆனால் வழக்கைக் கிளப்புவது அவன் அல்ல. தங்லாரிடம், மோர்செர்ஃப் பற்றித் தெரிய வேண்டுமானால் யானினாவுக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்களேன் என்று போகிறபோக்கில் சொல்கிறான். தங்லார் எழுதுகிறான். அன்று ஒரு கடிதத்தால் தாந்தெஸை ஒழித்த கூட்டாளிகளில் ஒருவனை இன்னொருவன் ஒரு கடிதத்தால் ஒழிக்கிறான்! செய்தி பத்திரிகையில் வருகிறது, பிரபுக்கள் சபை விசாரிக்கிறது, ஹைதே நேரில் வந்து சாட்சி சொல்கிறாள். உண்மை தெரிந்த மெர்செடெஸும் அல்பேரும் வீட்டை விட்டு வெளியேறும் வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஃபெர்னாந் சுட்டுக்கொண்டு சாகிறான். எந்தப் பெண்ணுக்காக முதல் துரோகம் செய்தானோ அவளை இழந்த பிறகே துப்பாக்கி வெடிக்கிறது.

கதரூஸின் குற்றம், செய்தது அல்ல, செய்யாமல் விட்டது. அதனால் அவனுக்கு முதலில் கிடைப்பது தண்டனையே அல்ல, ஒரு பெரிய வைரம். அதோடு நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அதை வாங்க வந்த நகை வியாபாரியைக் கொன்று, பணமும் வைரமும் இரண்டுமே வேண்டும் என்கிறான். சிறைக்குப் போய், தப்பி, கடைசியில் மாண்டி கிறிஸ்டோ வீட்டிலேயே திருடப் போய், தன் கூட்டாளியின் கத்தியால் சாகிறான். இவனுடைய கதையில் மட்டும் பிரபுவின் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. பேராசைக்காரன் கையில் வைரத்தைக் கொடுப்பது பரிசா, பொறியா?

கெட்டவர்க்குத் தண்டனை என்பதுபோலவே நல்லவர்க்குப் பரிசும் இந்தக் கணக்கில் உண்டு. தாந்தெஸுக்காக அலைந்த கப்பல் முதலாளி மோரெல் கடனில் மூழ்கித் தற்கொலைக்குத் தயாராகும் நொடியில், அவர் முன்பு தாந்தெஸின் தகப்பனுக்கு உதவியாக விட்டுச்சென்ற அதே சிவப்புப் பணப்பையில் கடன் தீர்ந்த ரசீது வந்துசேர்கிறது. அதை மறைந்திருந்து பார்த்துவிட்டு, இரக்கத்துக்கும் நன்றிக்கும் விடைகொடுத்துவிட்டுப் போகிறான் தாந்தெஸ். இனி நல்லவர்களுக்குச் செய்யக் கடவுளின் இடத்தில் நின்றாகிவிட்டது, தீயவர்களுக்குச் செய்யவும் அந்த இடம் வேண்டும் என்பது அவன் எண்ணம். பிறகொரு நாள் வில்ஃபோரின் முகத்துக்கு நேராகவே, நல்லதுக்கும் கெட்டதுக்கும் பலன் தரும் தெய்வ நியதியாகவே நான் இருக்க விரும்புகிறேன் என்று சொல்கிறான். இங்கேதான் துமா வாசகரைச் சிக்கவைக்கிறார். மோரெல் குடும்பம் காப்பாற்றப்படும்போது கைதட்டியவர்கள், அதே ஆள் மற்றவர்களுக்குத் தீர்ப்பு எழுத உட்காரும்போது, உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

அந்தக் கேள்வி வில்ஃபோர் வீட்டில் வந்து நிற்கிறது.

வில்ஃபோருக்கு வைத்த பொறி, நாவலிலேயே மிக நுட்பமானது. தகப்பனை மறைக்க ஓர் அப்பாவியை உயிரோடு புதைத்தவன் அவன். பின்னாளில் கள்ள உறவில் பிறந்த குழந்தையையும் ஒரு பெட்டியில் வைத்துத் தோட்டத்தில் புதைத்தான், உயிர் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல். அன்றிரவு அவனைக் கத்தியால் குத்த மறைந்திருந்தவன் பெர்த்தூச்சியோ என்ற கோர்சிகா தீவுக்காரன். அண்ணனின் கொலைக்கு நீதி கேட்டபோது வில்ஃபோர் துரத்திவிட்டதற்கான பழி அது. குத்திவிட்டு, புதையல் என்று நினைத்துப் பெட்டியைத் தூக்கிப்போகிறான். குழந்தைக்கு உயிர் இருந்தது. அது பெனெதெத்தோ என்ற பொறுக்கியாக வளர்ந்து, கொலைக் குற்றவாளியாக நீதிமன்றத்தில் நிற்கிறது. குற்றம் சாட்ட எழுந்து நிற்பவன் வில்ஃபோர். உன் தகப்பன் யார் என்ற நீதிபதியின் கேள்விக்கு, இதோ இவர்தான் என்று அரசு வழக்கறிஞனைக் காட்டுகிறான் பையன். தகப்பனின் பெயரை மறைக்கப் போய் ஏற்பட்ட குற்றத்துக்கு, மகன் வாயால் தகப்பன் பெயர் வெளிவருவதே தண்டனை. பெர்த்தூச்சியோவின் கத்திக் குத்தில் பிழைத்துக்கொண்ட வில்ஃபோர் இதில் பிழைக்கவில்லை. பழிக்கும் ஏற்ற தண்டனைக்கும் உள்ள தூரத்தைத் துமா ஒரே ஆளின் மேல் காட்டிவிடுகிறார்.

இதோடு நின்றிருந்தால் கச்சிதம். ஆனால் வில்ஃபோரின் இரண்டாம் மனைவி எலுவீஸ், தன் மகன் எதுவாருக்குச் சொத்து சேர்க்க வீட்டில் ஒவ்வொருவராக விஷம் வைத்துக்கொண்டிருக்கிறாள். விஷங்களைப் பற்றி அவளோடு நிதானமாக உட்கார்ந்து பேசி ஆர்வத்தை வளர்த்தவன் மாண்டி கிறிஸ்டோ. சாவு விழத் தொடங்கியதும் அவனுக்கு விஷயம் புரிகிறது. தடுக்கவில்லை. எதிரியின் வீடுதானே என்று இருந்துவிடுகிறான். மோரெலின் மகன் வந்து, அந்த வீட்டுப் பெண் வாலந்தீனைக் காதலிக்கிறேன் என்று கதறிய பிறகுதான் அவளைக் காப்பாற்ற எழுகிறான்.

மனைவியின் குற்றம் தெரிந்ததும் வில்ஃபோர், நான் நீதிமன்றத்திலிருந்து திரும்புவதற்குள் நீயே முடித்துக்கொள், இல்லாவிட்டால் என் கையாலேயே உன்னைக் கைதுசெய்வேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். தன் குற்றம் வெளிவந்த பிறகுதான், அவளைத் தண்டிக்க நான் யார் என்று தோன்றுகிறது. மன்னிக்க ஓடிவருகிறான். அவள் இறந்துகிடக்கிறாள், மகனையும் கூடவே அழைத்துக்கொண்டு. எதிரே வந்து தான் யார் என்று சொல்லும் தாந்தெஸை இழுத்துப்போய் இரண்டு உடல்களையும் காட்டி, பழி தீர்ந்ததா பார் என்கிறான் வில்ஃபோர். பிரபு சிறுவனைத் தூக்கிக்கொண்டு ஓடி மருந்து புகட்டிப் பார்க்கிறான், பலிக்கவில்லை. திரும்பி வரும்போது வில்ஃபோர் பைத்தியம் பிடித்துத் தோட்டத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறான், புதைத்த குழந்தையைத் தேடி.

இனி கடவுள் என் பக்கம் இருக்கிறார் என்று சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்பது அப்போதுதான் மாண்டி கிறிஸ்டோவுக்கு உறைக்கிறது. எதுவார் எந்தக் கடிதமும் எழுதவில்லை, எரிக்கவும் இல்லை. அந்தப் பொருத்தமான தண்டனை எந்திரத்தில் அவன் கை எங்கே மாட்டியது?

இதற்கு முன்பே ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. அல்பேர் தகப்பனுக்காகச் சண்டைக்கு அழைத்தபோது, அவனைக் கொல்லத் தயாராகத்தான் இருந்தான் பிரபு. தகப்பன் பாவம் மூன்று நான்கு தலைமுறைக்கு விழும் என்று வேதத்தையே துணைக்கு அழைத்தான். இரவில் மெர்செடெஸ் வந்து, எட்மண்ட் என்று பழைய பெயர் சொல்லிக் கெஞ்சியதால் விட்டுக்கொடுத்தான். அதாவது, பிள்ளைகளைத் தொடக்கூடாது என்பது அவனுடைய நீதியில் எழுதப்பட்ட விதியே அல்ல; அல்பேர் தப்பியது அவனுக்காக வாதாட ஒரு தாய் வந்ததால். எதுவாருக்கு அப்படி வாதாட ஒருவரும் வரவில்லை.

தங்லார் மட்டும் பாக்கி. அவனைக் கவிழ்த்த விதத்தில் துமாவின் குறும்பு உச்சத்தில் இருக்கிறது. அமைச்சகச் செயலர் ஒருவர் வழியாக அரசுத் தந்தியின் ரகசியச் செய்திகளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பங்குச் சந்தையில் சம்பாதிப்பவன் தங்லார். மின்தந்தி பரவாத காலம். குன்றுக்குக் குன்று கோபுரங்களில் மரக் கைகளை அசைத்துச் செய்தி அனுப்புவார்கள். ஒரு கோபுரத்து ஊழியர் தோட்டப் பிரியர். அவருக்கு வாழ்நாளுக்குப் போதுமான பணத்தைக் கொடுத்து, ஸ்பெயினைப் பற்றி ஒரு பொய்ச் செய்தியை அசைக்கவைக்கிறான் மாண்டி கிறிஸ்டோ. தங்லார் ஸ்பானியப் பத்திரங்களை அவசரமாக விற்றுப் பெருந்தொகை இழக்கிறான். நேர்மையான வியாபாரியாக இருந்திருந்தால் அந்தப் பொய் அவனைத் தொட்டிருக்கவே முடியாது.

கடைசியில் மருத்துவமனைகளுக்குச் சேர வேண்டிய 50 லட்சம் பிராங்குடன் தங்லார் இத்தாலிக்கு ஓடுகிறான். ரோம் கொள்ளையர்கள் பிடித்துக் குகையில் வைக்கிறார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. பசித்தால் சாப்பாடு உண்டு, ஒரு கோழி ஒரு லட்சம் பிராங்க். தாந்தெஸின் தகப்பன் பட்டினி கிடந்ததற்கான வட்டி இது. பணமா வயிறா என்று நாள்கணக்கில் திண்டாடி, தலை நரைத்து, 50,000 பிராங்க் மிஞ்சிய நிலையில் அவன் முன் வந்து நிற்கிறான் பிரபு. உன்னைப் பட்டினியில் சாகவிட நினைத்திருந்தேன், எனக்கே மன்னிப்பு தேவைப்படுவதால் உன்னை மன்னிக்கிறேன் என்கிறான்.

பல வாசகர்கள் இந்த இடத்தை நெகிழ்ச்சியோடு படிப்பார்கள். எனக்கு இங்கேதான் முழுக் கணக்கும் இடிக்கிறது. மொட்டைக் கடிதத்தை யோசித்தவன் தங்லார், எழுதியவனும் அவனே. ஃபெர்னாந் தபாலில் சேர்த்தான், கதரூஸ் வேடிக்கை பார்த்தான். அந்த இருவரும் செத்தார்கள், வில்ஃபோர் பைத்தியமானான், குற்றத்தின் ஊற்றாக இருந்தவன் கையில் 50,000 பிராங்கோடு வெளியே நடக்கிறான். தண்டனையை அளந்தது குற்றத்தின் எடை என்றால் இது நடந்திருக்காது. அளந்தது தண்டித்தவனின் அன்றைய மனநிலை. எதுவார் இறந்த பிறகு பிரபு பழைய சிறைக்கே போய், தான் செய்தது சரிதானா என்று அந்தச் சுவர்களிடம் கேட்டு, ஃபாரியாவின் கையெழுத்துப் பிரதியைப் பெற்று ஓரளவு தேறித்தான் ரோமுக்கு வருகிறான். ஆனாலும் முன்பிருந்த உறுதி திரும்பவில்லை. ஃபெர்னாந் கடைசியாகவும் தங்லார் முதலாவதாகவும் அகப்பட்டிருந்தால், குகையில் பட்டினியால் செத்திருப்பவன் தங்லார். மன்னிப்பு பெற்று வீடு திரும்பியிருப்பவன் ஃபெர்னாந். தங்லார் செய்த நல்ல காரியம் ஒன்றே ஒன்றுதான்: வரிசையில் கடைசியாக நின்றான்.